எட்டில் மூன்று

எங்கள் குடியிருப்பில் முதல் வீடு எழுந்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. நேரம் எனக்குச் சரியாகத் தெரியும், ஏனென்றால் நான் இந்தப் பகுதியின் வயர்மேன், அந்த வீட்டுக்குப் போகும் கம்பியைத்தான் அப்போது கம்பத்தின் மேல் நின்று முறுக்கிக்கொண்டிருந்தேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஆவுடையப்பனின் வீடு அது. படுத்திருந்த எருமை எழுந்திருப்பதுபோல முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, அஸ்திவாரத்து மண்ணை ஒரு உதறு உதறிவிட்டு, மொட்டைமாடியில் காய்ந்த வேட்டி கீழே விழாமல், அடுப்பில் கொதித்த சாம்பார் சிந்தாமல், மூன்று தெருவைத் தாண்டி நடந்துபோய்க் கிழக்கு ஓரத்துக் காலி மனை ஒன்றில் உட்கார்ந்தது. போகிற வழியில் ஆவுடையப்பன் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, நம்ம வீடா போவுது?" என்றார். "உம்ம வீடுதான்யா" என்றேன். "அப்ப கம்பிய அத்துருங்க, கம்பத்தையும் இழுத்துட்டுப் போயிரப் போவுது" என்றார். நானும் அறுத்துவிட்டேன்.

நான் அதிர்ந்துபோனேன் என்று நினைத்துவிட வேண்டாம். வீடு நடப்பதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது, வீட்டுக்குக் கால் கிடையாது என்று நம்மில் யாராவது அடியில் குனிந்து பார்த்திருக்கிறோமா? அதிர்ச்சியெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது, ஒன்றை ஜீரணிப்பதற்குள் இன்னொன்று வந்தது, கடைசியாக வந்தது இன்றைக்கும் நெஞ்சிலேயே நிற்கிறது.

மூடிப்போன பஞ்சாலையின் தொழிலாளர்கள் சேர்ந்து, கூட்டுறவுச் சங்கம் வைத்து, கரிசல் காட்டில் கட்டிக்கொண்ட குடியிருப்பு எங்களுடையது. பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு மனை. நூற்று நாற்பத்து நான்கு மனையில் நூற்று இருபது வீடு, மிச்சம் இருபத்து நான்கும் காலி. யாருக்கு எந்த மனை என்று பானைக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்ததில், சொந்த ஊரில் ஒருவர் தெருவுக்குள் மற்றவர் செருப்போடு நடக்க முடியாதவர்கள் இங்கே அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஆனோம். எங்களில் இரண்டு வகை. வகையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் வாய்விட்டுக் கேட்க மாட்டீர்கள். "சொந்த ஊரு எது?" என்று கேட்டு, ஊர் தெரிந்ததும் "ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்று கேட்டு, தெரு தெரிந்ததும் "அப்படியா, நல்லது நல்லது" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர்ச் செம்பை நீட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற பழக்கம் உங்கள் பக்கத்திலும் இருக்கும். இருந்தாலும் பதினோரு வருஷம் நாங்கள் சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தோம், அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் செய்தோம்.

முதல் வாரத்தில் ஏழு வீடுகள் நடந்தன. இரண்டாவது வாரத்தில் பதினான்கு. மூன்றாவது வாரத்துக்குள் எங்களுக்கு எல்லாம் பழகிவிட்டது. பால்காரர் புறப்படும்போதே போன் போட்டு "இன்னைக்கு எங்க இருக்கிய?" என்று கேட்டுவிட்டு வந்தார். தபால்காரர் கதவு எண்ணை மறந்துவிட்டு வீட்டின் நிறத்தைப் பார்த்துக் கடிதம் கொடுக்கக் கற்றுக்கொண்டார், கற்றுக்கொண்ட மறுவாரமே பாதிப் பேர் தள்ளுபடியில் கிடைத்த ஒரே நீலத்தை அடித்து அவரை அழவைத்தார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் "அன்றைய தினம் வீடு இருக்குமிடத்தில்" என்று அச்சடித்தார்கள். வீடு புது இடத்தில் உட்கார்ந்ததும் பால் காய்ச்ச வேண்டும் என்று யாரோ ஒரு மகராசி ஆரம்பித்துவைக்க, ஒரே மாதத்தில் பால்காரர் இன்னும் இரண்டு மாடு வாங்கினார். வாஸ்து பார்ப்பவர் ஒரே வீட்டுக்கு ஒரே வாரத்தில் மூன்று திசையில் வாசல் வைக்கச் சொல்லிவிட்டு, மூன்றுமே சரிதான் என்று சாதித்தார். கழிவுத் தொட்டி மட்டும் வீட்டோடு நடக்காது என்பதால், வந்தவர்கள் போனவர்களின் தொட்டியோடு தங்கள் குழாயை இணைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சொந்த ஊரில் ஒருவர் செம்பில் மற்றவர் வாய் வைக்காதவர்கள் இங்கே தொட்டியில் உறவு கொண்டாடினோம், அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கூட்டுறவுச் சங்கத் தலைவர் நம்பிராஜன் தீர்மானம் போட்டார்: வீடுகள் காலை பத்து மணிக்கு மேல் பன்னிரண்டு மணிக்குள் மட்டுமே நடக்க வேண்டும், வயர்மேன் தயாராக இருக்க வேண்டும். வீடுகளும் அந்தத் தீர்மானத்தை மதித்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

வீடு ஏன் போகிறது என்று மட்டும் ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. "அந்தப் பக்கம் காத்து நல்லா வருது" என்று போனவர்கள் தாங்களாகவே சொன்னார்கள், "ஆமா, காத்து முக்கியம்லா" என்று இருந்தவர்கள் தலையாட்டினோம். ஒரே காற்று எப்படிச் சிலருக்குக் கிழக்கிலும் சிலருக்கு மேற்கிலும் நன்றாக வருகிறது என்று கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் மங்கையர்க்கரசி டீச்சர்.

மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர், கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார், வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். குடியிருப்பின் நடு வரிசையில் டீச்சர் வீடும் பேச்சித்தாய் வீடும் ஒட்டியே இருந்தன. மேஸ்திரி செங்கலை மிச்சம் பிடிக்கப் பார்த்ததில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், அதில் இரண்டு பக்கமும் திறந்த ஒரு மாடப்புரை. அது வழியாகப் பதினோரு வருஷமாக இந்தப் பக்கத்துப் புளிக்குழம்பு அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துக் கருவாடு இந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது. பேச்சித்தாய் ரவிக்கை தைக்கிறவள். புருஷன் இறந்த பிறகு அவளையும் அவள் மகன் முகிலனையும் தாங்கி நிறுத்தியதில் டீச்சருக்குப் பங்கு உண்டு, முகிலன் பொறியியல் கல்லூரிக்குப் போனதே டீச்சர் சொல்லிக்கொடுத்த கணக்கால்தான். டீச்சர் ஒரு வகை, பேச்சித்தாய் இன்னொரு வகை. நானும் டீச்சரும் ஒரே வகை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"எந்த வீடு வேணாலும் போகட்டும் அண்ணாச்சி" என்று டீச்சர் என்னிடம் சொன்னார். "பேச்சி வீடு எழுந்தா என் சுவரு கிழிஞ்சிரும். பேச்சி இல்லாம நான் எப்படி இருப்பேன் சொல்லுங்க? இது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் நிறுத்த முடியும். நான் இணையத்துல சேர்ந்து படிக்கப் போறேன்."

என்ன படிப்பு என்று கேட்டேன். முகவர் சார்ந்த மாதிரியாக்கம் என்றார். "இன்சூரன்சு முகவரா டீச்சரம்மா, இந்த வயசுலயா?" என்றேன். சிரித்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து காட்டினார். கட்டம் கட்டமாக ஒரு ஊர், அதில் புள்ளி புள்ளியாக ஆட்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சின்ன விதியைச் சொல்லிக்கொடுத்து ஓடவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

"இதுல மேலேருந்து பார்க்கிறவன் யாருமே கிடையாது அண்ணாச்சி. ஒவ்வொருத்தனுக்கும் தன்னைச் சுத்தி இருக்க எட்டு வீடுதான் தெரியும், நாலு பக்கம் நாலு, மூலைக்கு ஒண்ணா நாலு. அதை வெச்சு இருக்கதா போறதான்னு அவன் முடிவு எடுக்கான். எல்லாரும் எடுக்க முடிவு ஒண்ணாச் சேர்ந்து என்னவா ஆவுதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

முதலில் அவர் புள்ளிகளைக் கெட்டவர்களாக வைத்துப் பார்த்தார். சுற்றியுள்ள எட்டு வீட்டில் எட்டும் தன் ஆளாக இருந்தால்தான் இருப்பேன் என்கிற புள்ளிகள். ஓடவிட்டால் அந்த ஊர் பிரியவே இல்லை. யாருக்கும் எங்கும் திருப்தி இல்லாமல், மணிக்கணக்காக எல்லாப் புள்ளிகளும் நாயாய்ப் பேயாய் அலைந்துகொண்டே இருந்தன. டீச்சர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "தப்பா விதி போட்டிருக்கேன் அண்ணாச்சி. வெறுப்புதான் காரணம்னு நினைச்சேன், வெறுப்பை வெச்சா நம்ம ஊரு வரவே மாட்டேங்குது" என்றார். அந்த வார்த்தை எனக்கு முதல் அதிர்ச்சி. வெறுப்பு இல்லை என்றால் வேறு எதைச் சொல்லப்போகிறார் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன்.

பிறகு அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார். உங்களைச் சுற்றியிருக்கிற எட்டு வீட்டில் எத்தனை வீடு உங்கள் ஆட்களாக இருக்க வேண்டும்? நான் கம்பிகளைப் பார்க்கிற சாக்கில் கூடவே போனேன். ஆவுடையப்பன் பதறிப்போனார். "நமக்கு அப்படில்லாம் பாக்கற வழக்கமே கிடையாது டீச்சர். எட்டுல அஞ்சு வீடு அவங்களா இருந்தாலும் சந்தோசம்தான். ஒரு நல்லது கெட்டதுன்னா கூடமாட நிக்க நம்ம ஆளு ஒரு மூணு வீடு இருந்தாப் போதும்" என்றார். டீச்சர் மூன்று என்று எழுதிக்கொண்டார். மேற்கே போனால் அங்கேயும் அதே பதில்தான், வார்த்தைகூட மாறவில்லை. மூன்று, இரண்டு, மூன்று, மூன்று, ஒன்று, மூன்று. நான்குக்கு மேல் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஒன்றுமே வேண்டாம், சைபர் போடுங்கள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "என் வீடு இதுவரைக்கும் ஒரு அங்குலம் அசைஞ்சிருக்கா பாத்துக்கிடுங்க."

"அசையாது அண்ணாச்சி. உங்களைச் சுத்தி எட்டும் நம்ம ஆளா வந்து உக்காந்தாச்சு, அப்புறம் அது எதுக்கு அசையும்?" என்றார் டீச்சர். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் அவர் சைபர்தான் எழுதிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கட்டடத்தில் எல்லோரையும் கூட்டினார். தரையில் சுண்ணாம்பால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டு, சோடாக் கடையில் சேர்த்த பாட்டில் மூடிகளை வாளியில் குலுக்கிக் கொட்டினார். எங்கள் வகைக்குப் பச்சை மூடி, பேச்சித்தாய் வகைக்கு ஆரஞ்சு மூடி, அறுபத்தெட்டும் ஐம்பத்திரண்டும். விதி ஒன்றே ஒன்று: உங்கள் மூடியைச் சுற்றி எட்டுக் கட்டத்தில் உங்கள் நிறம் மூன்றுக்குக் குறைந்தால், மூன்று கிடைக்கிற காலி இடமாகப் பார்த்து எடுத்து வையுங்கள். நம்பிராஜன் "பிள்ளைங்க விளையாட்டுல்லா இது" என்று சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தோம். ஒருவர் மூடியை எடுத்தால் அவர் விட்டுப்போன இடத்துக்குப் பக்கத்து மூடிக்கு ஒன்று குறைந்தது, அவர் எழுந்தால் இன்னொருவருக்குக் குறைந்தது, அவர் போய் உட்கார்ந்த இடத்தில் எதிர் நிறத்துக்கு இடைஞ்சலானது, அவரும் எழுந்தார், யாரும் யாரையும் விரட்டவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை, "மன்னிச்சிக்கிடுங்க, இது என் இடமா?", "பரவால்ல, இருங்க" என்று மரியாதையாகப் பேசிக்கொண்டே நகர்த்தினோம், நகர்த்திக்கொண்டே இருந்தோம், ஒரு கட்டத்தில் யாருக்கும் நகர்த்த வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. எழுந்து நின்று பார்த்தோம்.

தரையில் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் ஆரஞ்சு. நடுவில் ஆற்று மணல்போல வெறும் காலிக் கட்டங்கள்.

ஆவுடையப்பன் தன் மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், அடியில் காந்தம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. வாளியில் போட்டு மறுபடி குலுக்கிக் கொட்டினோம். மறுபடியும் அதே. மூன்றாம் முறையும் அதே. இடம்தான் மாறியது, பிரிவு மாறவில்லை. அடுத்து எல்லோருக்கும் ஒன்று போதும் என்று வைத்துப் பார்த்தபோது மூடிகள் கொட்டினபடியே கலந்து கிடந்தன, இரண்டோ மூன்றோதான் நகர்ந்தன. எட்டில் ஐந்து பேர் வேறு ஆட்களாக இருந்தாலும் சந்தோஷம் என்று சொன்ன பெரிய மனசுக்காரர்கள்தான் இதைச் செய்திருக்கிறோம்.

"யாரு டீச்சர் ஆரம்பிச்சது?" என்று கேட்டார் நம்பிராஜன்.

"யாரும் ஆரம்பிக்கல."

"யாராவது ஆரம்பிச்சிருக்கணும்லா! ஒரு கெட்ட பய இல்லாம இப்படி நடக்குமா? நாம எல்லாரும் நல்லவங்கதான?"

"நல்லவங்கதான் தலைவரே. கெட்டவங்களா இருந்தா இவ்வளவு சுத்தமாப் பிரிஞ்சிருக்க மாட்டோம்."

ஒரு பெண்பிள்ளை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். கெட்டவனைக் கண்டுபிடித்திருந்தால் எங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! ஆளுக்கு நாலு கல்லை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்போம், சாயங்காலத்துக்குள் ஊர் சுத்தமாகியிருக்கும். இப்போது கல்லை வைத்துக்கொண்டு எங்கே போவது?

நம்பிராஜனுக்கு உடனே யோசனை வந்தது. மூன்றுதானே தொந்தரவு, இனிமேல் எல்லோரும் ஒன்று போதும் என்று ஒப்புக்கொள்வோம். தீர்மானம் எழுதப்பட்டது, நூற்று இருபது வீட்டுக்காரர்களும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம், கைதட்டினோம், ஆளுக்கொரு சர்பத் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் பத்து மணிக்குப் பதினொரு வீடுகள் ஒரே நேரத்தில் எழுந்தன. வீடுகளுக்குக் கையெழுத்துப் படிக்கத் தெரியாது, உள்ளே குடியிருப்பவர்களின் நெஞ்சைத்தான் அவை படித்தன போலிருக்கிறது. நான் கம்பத்துக்குக் கம்பம் ஓடி ஓடி அறுத்தேன். முதலில் எழுந்ததே நம்பிராஜன் வீடுதான். கையில் இட்லியோடு சன்னலைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லல! நான் ஒண்ணுமே நினைக்கல! நில்லு! ஏய், நில்லு!" என்று கத்திக்கொண்டே அவர் தெருத் தெருவாகப் போனதை ஊரே பார்த்தது. நல்லவன் முகத்தில் அவனுடைய சொந்த வீடே அறைந்தால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குப் பதினொரு முகத்தில் பார்த்தேன்.

அதற்கும் பழகிவிட்டோம். இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊர் எது, தெரு எது என்று சுற்றிவளைத்துக் கேட்ட காலம் போய், "நீங்க எந்த மூடி?" என்று நேரடியாகவே கேட்க ஆரம்பித்தார்கள். பச்சைத் தெரு, ஆரஞ்சுத் தெரு என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். டீச்சர் கண்டுபிடித்ததை மருந்தாக எடுத்துக்கொள்ளாமல் பெயராக எடுத்துக்கொண்டோம். ஆடி மாதத்துக்குள் கிழக்கு பச்சை, மேற்கு ஆரஞ்சு, நடுவில் இரண்டு வரிசை வெறும் அஸ்திவாரக் குழிகள். அந்த வெறும் பட்டையின் நடுவில் ஒரே சுவரோடு இரண்டு வீடுகள் மட்டும் மிச்சம்.

டீச்சருக்கு ஒரு விதத்தில் நிம்மதி. "எங்க ரெண்டு வீடும் போகாது அண்ணாச்சி. ஒண்ணுமே வேண்டாம்னு இருக்க வீட்டுக்கு நடக்கறதுக்குக் காரணமே கிடையாது. இந்த ரெண்டு வீட்டை வெச்சே ஊரைத் திரும்பக் கலக்கிரலாம், பாருங்க. அடுத்த பாடத்துல அதுதான் வருது" என்றார். அவர் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து நானும் நம்பினேன்.

உள்ளூர் விடுமுறை விட்ட ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி. அவர்கள் வீட்டு முன்னால் இருந்த கம்பத்தின் மேல் நான் நின்றிருந்தேன். பேச்சித்தாய் வீடு பின்பக்கத்தைத் தூக்கியது.

சுவர் கிழிகிற சத்தத்தை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. கோணிப்பையைக் கிழிப்பதுபோல நீளமாக, நிதானமாக அது கிழிந்தது. சுவர் முழுக்க டீச்சர் வீட்டோடு நின்றுவிட்டது, மாடப்புரையும் அதிலேயே நின்றுவிட்டது. ஒரு பக்கம் சுவரே இல்லாமல் பேச்சித்தாய் வீடு தெருவுக்கு வந்தது. உள்ளே எல்லாம் தெரிந்தது: தையல் மெஷின், கொடியில் முகிலன் சட்டை, அடுப்பு, அடுப்புக்கு முன்னால் கரண்டியோடு நின்ற பேச்சித்தாய். அவள் அதிரவில்லை. டீச்சர்தான் கையில் மாவோடு ஓடி வந்தார்.

"பேச்சி! பேச்சி! உன் வீடு போகுது!"

"ஆமா டீச்சர், தெரியுது."

"நிறுத்து! உனக்குத்தான் ஒண்ணும் வேண்டாமே! நான் உனக்குச் சைபர்லா போட்டிருக்கேன்!"

"யாரக் கேட்டுப் போட்டிய?"

வீடு மெதுவாகத்தான் போனது, டீச்சர் கூடவே நடந்தார். மாவு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். நூற்றுப் பதினெட்டு வீட்டில் கேட்டிருக்கிறார், பக்கத்து வீட்டில் கேட்கவில்லை.

"நமக்குள்ள போயி என்னத்தைக் கேட்கதுன்னு..." என்றார்.

"முன்னாடி கேட்டிருந்தா நானும் சைபர்னுதான் சொல்லிருப்பேன். பதினோரு வருசம் அப்பிடித்தான இருந்தேன். இப்ப எனக்கு ஒண்ணு வேணும் டீச்சர்."

"ஒண்ணுதானா? எட்டுல ஒண்ணுக்காகவா என்னை விட்டுட்டுப் போறே?"

"உங்க ஆளுவ கல்யாணம் காட்சிக்குன்னு மூணு கேட்டாவளாம். எனக்கு அதெல்லாம் வேண்டாம். கூப்பிட்டா வாரதுக்கு ஒரு வீடு வேணும். அவ்வளவுதான்."

"நான் எதுக்கு இருக்கேன் பேச்சி? ஒரு குரல் கொடுத்தா வர மாட்டேனா?"

பேச்சித்தாய் அடுப்பை அணைத்தாள். சுவர் இல்லாத ஓரத்துக்கு வந்து நின்று, ஓடுகிற பஸ்ஸின் படியில் நிற்பவளைப்போல மிச்சமிருந்த சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போன மாசம் ஒரு சனிக்கெழம மத்தியானம் நாலு பேரு வந்தாவ. முகிலன் பச்சைத் தெரு வழியா வண்டி ஓட்டிட்டுப் போறானாம். சட்டையப் பிடிச்சு வாசல்ல இழுத்துப் போட்டு மிதிச்சாவ. நான் மேல விழுந்து மறிச்சேன், என்னையும் சேத்து மிதிச்சாவ. மறுநாள் நீங்க கேட்டப்ப வண்டிலேருந்து விழுந்துட்டோம்னுதான் சொன்னேன்."

டீச்சர் வீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். "சனிக்கிழமை நான் வீட்லதானே இருந்தேன். பாடம் பாத்துக்கிட்டு..."

"ஆமா. காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்திய. மாடப்புரை வழியா உங்க முதுகு தெரிஞ்சுது."

"கூப்பிட்டிருக்கலாமே! ஐயோ, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே பேச்சி!"

"கூப்பிட்டேன் டீச்சர். மூணு தடவ கூப்பிட்டேன்."

டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். வீடு நிற்கவில்லை. காலிப் பட்டையைத் தாண்டி, மேற்கே முதல் வரிசையில் ஒரு மனை பார்த்து உட்கார்ந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் ஒன்றும் கேட்காமல் வந்து, சுவர் இல்லாத பக்கத்தில் பழைய சேலைகளைச் சேர்த்துக் கட்டினார்கள். கட்டி முடிக்கிற வரைக்கும் டீச்சர் குழிகளுக்கு நடுவில் நின்ற இடத்திலேயே நின்றார். பக்கத்தில் இருக்கிறவர்கள் ஏன் விலகிப் போகிறார்கள் என்று அன்றைக்கு அவர் காதில் பாடம் ஓடியிருக்கும், வேறென்ன ஓடியிருக்கும்? நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. ஆனால் டீச்சரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இதே கம்பத்தின் மேல்தான் நான் நின்றிருந்தேன். முதல் குரலை, கரண்டு இருந்த அடுத்த தெருவில் யார் வீட்டுத் தொலைக்காட்சியோ என்று நினைத்தேன். இரண்டாவது குரலில் அது பேச்சித்தாய் என்று தெரிந்துவிட்டது, குனிந்து பார்த்ததில் வந்த நாலு பேரில் ஒருவன் என் தங்கை மகன் என்பதும் தெரிந்துவிட்டது. மூன்றாவது குரல் கேட்டபோது நான் ஒரு மரையை இறுக்கிக்கொண்டிருந்தேன், அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது, இன்னும் இரண்டு சுற்று இறுக்கினேன். அவர்கள் போன பிறகு இறங்கி வந்து, அவள் வாசலில் நின்று, "கரண்டு வந்துட்டு, மோட்டாரப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.